மூட்டையில் எழுதியிருந்த அன்னபேதி

லட்சுமணசாமி சார் கோவையில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் வேதியியல் நடத்தினார். கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பிராக்டிகல் தேர்வில் எனக்கு வந்த உப்புக் கரைசலில் காரம் விட்டேன். செங்காவி நிறத்தில் வீழ்படிவு வந்தது. ஃபெரிக் என்று எழுதினேன். அவர் கைப்பட்டியலில் ஃபெரஸ் என்று இருந்ததாம். பாட்டில் பழசாகி, காற்றுப் பட்டு ஃபெரஸ் ஃபெரிக்காக மாறியிருக்கும் என்றேன். சோதனைக் குழாயை ஏறெடுத்தும் பார்க்காமல் மார்க்குக்குப் பூஜ்யம் போட்டார்.

ஓய்வு பெற்றதும் வந்த பணத்தையெல்லாம் கோபி பக்கம் நாலு ஏக்கர் வாழையில் போட்டார். குருத்திலை மஞ்சளாக வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறை என்று சரியாகவே சொன்னார். இலையில் தெளிக்க அன்னபேதியும், அதாவது ஃபெரஸ் சல்பேட் உப்பும், வாங்கினார். ஆனால் மூட்டையின் வாயைக் கட்டாமல் மோட்டார் ரூமில் போட்டுவிட்டார். மழைக்காலம் முழுக்க ஈரக்காற்று பட்டு, இளம்பச்சைப் பொடி பழுப்பாகிப்போனது. அதையே கரைத்து இரண்டு தடவை அடித்தார். வாழை தேறவில்லை.

அவர் மனைவி சாந்தாமணி அக்கா என் உரக்கடைக்கு வந்தார். அழவில்லை, அவ்வளவுதான்.

"வாழை குலை தள்ளலீன்னா எங்களுக்கு வேற போக்கில்ல அம்மணி. ஒரெட்டு வந்து பாரு."

போனேன். ஒரு டம்ளர் தண்ணீரில் என் கடைச் சரக்கு, இன்னொன்றில் அவருடையது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை இரண்டிலும் விட்டேன். கடைச் சரக்கு அழுக்குப் பச்சையாகத் திரிந்தது. அவருடையது எடுத்த எடுப்பிலேயே செங்காவி.

"சார், இது ஃபெரிக் ஆயிருச்சுங்க. இதை இலை உறிஞ்சாதுங்க."

"மூட்டையப் படிச்சுப் பாரும்மா. ஃபெரஸ் சல்பேட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதில்ல? உன்ற கடையில வாங்கோணும்னு நாடகமா?"

இந்த அறிவுக்குத்தான் முப்பத்தொரு வருஷம் சம்பளம்.

மறுநாள் அவர் கோவைக்குக் கல்யாணத்துக்குப் போனார். அக்கா பழுப்புப் பொடியைக் குழியில் கொட்டிவிட்டு, என்னிடம் வாங்கிய புதுச் சரக்கை அதே மூட்டையில் நிரப்பி இறுக்கிக் கட்டினார். திரும்பி வந்த சார் மூன்றாம் தடவை அடித்தார். பொடியின் நிறம் மாறியதை அவர் கவனிக்கவில்லை, எழுத்துதான் மாறவில்லையே.

இரண்டு வாரத்தில் புது இலை பச்சை கட்டியது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சார் படம் போட்டார்: "சிலர் குறை சொன்ன அதே மூட்டை. அறிவியலுக்குப் பொறுமை வேண்டும்." வரிசையாகக் கைதட்டல்கள் வந்து விழுந்தன. எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பப் போன நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"இன்னும் ரெண்டு தடவ அடிக்கோணும் அம்மணி. தெரிஞ்சா ரோசத்துல அத்தனையும் கொட்டிப்போடுவாரு. நீயும் ஒரு கைதட்டல் போட்டுரு சாமி."

எழுதியதை அழித்தேன். கைதட்டினேன்.