நித்தயா தேர்ந்தெடுத்த நாய்

எதிர்வீட்டு நித்தயா நாய் வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வாய் முளைத்துவிட்டது. நூடுல்ஸ் கடைக்காரி பக் நாய் வாங்கச் சொன்னாள். மருந்துக் கடைக்காரர் கோல்டன் ரிட்ரீவர்தான் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்றது என்றார். அவர் வீட்டுக் கோல்டன் திருடன் வந்தால் அவனுக்குச் செருப்பு எடுத்துக்கொடுக்கும் என்பது எங்கள் பிட்சனுலோக் நகரத்துக்கே தெரியும். நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

"கோயில்ல எத்தனையோ நாய் கெடக்கு. ஒண்ணக் கூட்டிட்டு வா. துறவிங்க சோறு தின்னு வளந்தது, பொறுமையா இருக்கும்."

"கோயில் நாய் எல்லாருக்கும் வாலாட்டும்க்கா. எனக்கு யாருக்குமே வாலாட்டாத நாய் வேணும்."

யாருக்காக அந்த நாய் என்று எனக்குத் தெரியும்.

நித்தயா பிறந்தது வாழைப்பழம் காயவைக்கிற குடும்பத்தில். பிழைப்புக்கு நகரத்துக்கு வந்து பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் போனை எதிரே நிமிர்த்தி வைத்து நேரலையில், அம்மா ஊரிலிருந்து வரும் காய்ந்த வாழைப்பழத்தைக் கூவிக் கூவி விற்பாள். தூங்கும்போதாவது இவள் வாய் மூடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அப்படி ஓடி ஓடி உழைக்கிறவளுக்கு வாய்த்தவன் கம்போன். தேன் ஒழுகப் பேசுவான். குடித்தால் கை நீளும். ஒருநாள் அவள் கையை உடைத்தான். அதோடு விவாகரத்து ஆயிற்று, மகள் முக் அம்மாவோடு வந்தாள்.

அந்த வருடத் தண்ணீர்த் திருவிழாக் கூட்டத்துக்குள்ளிருந்து கம்போன் முக்கைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டான். ஒரு வாரம் நித்தயா சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தாள். "அப்பாதானே கூட்டிட்டுப் போயிருக்காரு" என்று போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். பிள்ளை எப்படியோ திரும்பி வந்தது. ஆனால் பள்ளி வேன் அவளை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஏழு மணிக்கு நித்தயா வரும் வரை, இரண்டாம் வகுப்புக் குழந்தை வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் நித்தயாவுக்கு நாய் வேண்டும்.

கடைசியில் எங்கள் மண்ணின் நாயையே வாங்குவது என்று முடிவு செய்தாள். பாங்கேவ் சாதி. கழுத்தில் பிடரி, விசிறி மாதிரி வால், மூக்கு நுனியில் கோபம். அதை வளர்க்கிற தேங் மாமா வீட்டுக்கு அவள் மோட்டார் சைக்கிளில் நானும் தொற்றிக்கொண்டு போனேன்.

அவர் குட்டியைக் காட்டவே இல்லை. முதலில் அவளைத்தான் விசாரித்தார்.

"யாரு சோறு வைப்பா?"

"நாந்தான் மாமா."

"வீட்ல எவ்வளவு நேரம் இருப்ப?"

நித்தயா என்னைப் பார்த்தாள். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

"இந்தா பாரு தாயி, இது வீட்டக் காக்கிற நாய் இல்ல, ஆளக் காக்கிற நாய். எந்தக் கை சோறு வைக்குதோ அந்தக் கைதான் அதுக்கு எஜமான். மத்தவன் எவனா இருந்தாலும் அன்னியன். வேலைக்கு ஓடுற குடும்பத்துக்கு ஆகாது. ஒரு பூடில் வாங்கி முடி வெட்டி விட்டுக்க, போ."

நித்தயா சட்டையின் கையைச் சுருட்டி, எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். மாமா உள்ளே போய், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்.

"ஒரு வருசம் உன் கையாலதான் தின்னணும். மறந்துடாத."

முக் அதற்குக் கனுன் என்று பெயர் வைத்தாள். பலாப்பழம் என்று அர்த்தம். வெளியே முள், உள்ளே இனிப்பு என்று அவளே விளக்கமும் சொன்னாள்.

முதலில் நித்தயா சொன்னபடி செய்தாள். விடியலில் கோழி வேகவைத்து, சோற்றில் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து ஊட்டினாள். பிறகு விடுமுறைக் கூட்டம் வந்தது. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் வேலையை இவள் ஒருத்தி பார்த்தாள். ஒருநாள் போனில் வரவழைத்த ஒரு பெட்டி முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. நேரம் வந்தால் அதுவே தீனியைக் கொட்டுமாம்.

"ஏன்டி, நாய்க்கு எஜமான் இந்தப் பெட்டியா?" என்றேன்.

"போங்கக்கா. முக்குக்கே மைக்ரோவேவ்தான் சோறு போடுது, இதுக்கென்ன?"

இரண்டு பேரும் சிரித்தோம்.

கனுன் வளர்ந்தது. பிடரி சிலிர்த்து வேலியோரம் நடந்தால் தெரு அடங்கும். பார்சல் கொண்டுவந்த பையனின் கால்சட்டையைக் கிழித்தது. மீட்டர் பார்க்க வந்தவரை மதில்மேல் ஏற்றியது. நித்தயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்ப வரட்டும் அவன்" என்று என் சலவைக் கடையில் துணிகளைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போவாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

மழைக்காலத்தில்தான் ஏதோ சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. பெட்டி கொட்டிய தீனி அப்படியே ஊறிக் கிடந்தது. நாயோ நாளுக்கு நாள் கொழுத்தது. ஒரு மாலை நித்தயா தடவிக்கொடுக்கப் போனபோது உதட்டை மேலே தூக்கிப் பல்லைக் காட்டியது. வயசுக் கோளாறு என்றாள். பின்சுவர் அருகே மூங்கில் குச்சிகள் கிடந்தன, பன்றிக்கறி கோத்துச் சுடுகிற குச்சிகள்.

"முக், நீயா நாய்க்கு வாங்கிக் குடுத்த?" என்று நித்தயா கேட்டாள்.

"ம்" என்றாள் பிள்ளை, படம் வரைந்துகொண்டே.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை. புல்லறுக்கப் போகிறவனைத் தவிர அங்கே யாருக்கும் வேலை கிடையாது.

மழை விட்ட அன்று, வெகுநாளைக்குப் பிறகு ஈரத்துணிக் கூடையோடு என் மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் நித்தயா வீட்டுப் பின்முற்றம் தெரியும். பள்ளி வேன் அப்போதுதான் போயிருந்தது. கனுன் பின்சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. வால் ஆடியது. யாருக்கும் வாலாட்டாத அந்த நாய் வெறும் சுவரைப் பார்த்து உடம்பே நெளியும்படி வாலாட்டியது.

சுவருக்கு மேல் ஒரு கை வந்தது. கையில் குச்சி. பின்னாலேயே ஆளும் ஏறிக் குதித்தான், தன் வீட்டுக்கு வருகிறவன் மாதிரி, அவசரமே இல்லாமல். கம்போன்.

என் கூடை கீழே விழுந்தது. போனை எடுத்து நித்தயாவைக் கூப்பிட்டேன். "கம்போன் உள்ள இருக்கான். ஓடி வா" என்று மட்டும் சொன்னேன். கீழே இறங்கி அவள் வாசலுக்கு ஓடியபோது கேட்டுக்குப் பின்னால் கனுன் வந்து நின்றது. குரைக்கவில்லை. தொண்டைக்குள்ளேயே உறுமியது. என்னால் கம்பியைத் தொட முடியவில்லை.

நித்தயா சீருடையோடு வந்து சேர்ந்தாள். சாவி போட்டுக் கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். நாய் பாய்ந்தது. அவள் பின்னால் விழ, நான் கேட்டை இழுத்துச் சாத்தினேன்.

"கனுன்! நான்டா! அம்மாடா!"

அது அசையவில்லை. நான்கு காலையும் ஊன்றி, வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. தேங் மாமா சொன்ன வேலையை அது அப்பழுக்கில்லாமல் செய்துகொண்டிருந்தது.

திறந்திருந்த கதவின் படியில் கம்போன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முக், சீருடை கூட மாற்றாமல். அவன் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி அவள் வாயில் கொடுத்தான். பிறகு ஒரு குச்சியிலிருந்து கறியை உருவி நாய்ப் பக்கம் எறிந்தான். பின்சுவர் ஓரம் கிடந்த குச்சிகளில் இருந்த கறியை நாய் மட்டும் தின்னவில்லை, முக்கும் தின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வா நித்தயா" என்றான், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. "பயப்படாத. எங்கயும் கூட்டிட்டுப் போகல. எதுக்குப் போகணும்? இங்கயே நல்லாத்தான இருக்கு. நாய் நல்ல சாதி. பாத்துதான் எடுத்திருக்க."

"முக்! இங்க வா கண்ணு. அம்மாகிட்ட வா."

பிள்ளை மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் பயமே இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"அம்மா, நீ ஏழு மணிக்குத்தான வருவ?"

நித்தயா கேட்டின் வெளியே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த உடைந்த கையை அன்று பார்த்தபோது கூட என் மனசு இப்படி வலிக்கவில்லை.

என் கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆண்கள் கம்பும் தடியுமாக வந்தார்கள். கம்போன் கையைக் கால்சட்டையில் துடைத்தான், மகள் தலையைத் தடவினான், வந்த வழியே சுவரேறிப் போனான். கனுன் சுவரில் மோதி மோதி ஊளையிட்டது. மறுநாள் தேங் மாமா வந்து வாயைக் கட்டித்தான் அதைக் கொண்டுபோனார். முக் பின்சுவர் ஓரம் நின்று அழுதாள். நாய்க்காகவா, அப்பனுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

நித்தயா இப்போது காலை வேலைக்கு மாறிவிட்டாள். வேன் வரும்போது வாசலில் நிற்கிறாள். சோற்றைத் தன் கையால் உருட்டி ஊட்டுகிறாள். வேறு நாய் வாங்கவில்லையா என்று கேட்டேன்.

"நானே இருக்கேனேக்கா" என்று சிரித்தாள்.

நேற்று துணி காயப்போட மாடிக்குப் போனேன். நித்தயா சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். முக் பின்முற்றத்துக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். வாயில் போடாமல் கையில் ஒளித்து வைத்திருந்த சோற்றுருண்டையைச் சுவரின் மேல் கவனமாக வைத்தாள். பிறகு இறங்கி, வாளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

காலையில் பார்த்தபோது உருண்டையைக் காணோம். நித்தயாவிடம் சொன்னேன். மைனா தின்றிருக்கும் என்றாள். ஆனால் இன்று சாயங்காலம் அவள் அந்தச் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துக்கொண்டிருந்தாள். முக் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் இன்னும் பதிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.