சாம்பிளுக்குக் கொடுத்த உப்பு

ஞானாம்பாளுக்கு எதையும் உள்ளபடியே வெளியாளிடம் கொடுத்துப் பழக்கமில்லை. பஸ் கண்டக்டரிடம் நீட்டும் சில்லறையைக்கூட முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவாள். ஒருமுறை காய்ச்சலில் கிடந்த கணவன் சகாதேவனை டாக்டரிடம் கூட்டிப் போவதற்கு முன், சவரம் செய்யவைத்து, வெந்நீர் ஊற்றி, பவுடர் பூசி, இஸ்திரிச் சட்டை மாட்டிவிட்டாள். டாக்டர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து நின்ற அவள் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார்.

மரக்காணம் உப்பளத்தில் இவர்களுக்குப் பன்னிரண்டு பாத்தி குத்தகை. பதினாறு வருஷமாக இவர்களின் உப்பு தோல் பதனிடவும் கருவாடு போடவும்தான் போய்க்கொண்டிருந்தது. 2004இல் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன உப்பு பாக்கெட் கம்பெனி முளைத்தது. அந்த வருஷமே இவள் உப்பை எடுத்துக்கொண்டார்கள். தன் உப்பு கடையில் தொங்குவதைப் பார்க்க ஞானாம்பாள் அனுமந்தைக்குப் பஸ் ஏறிப் போனாள். பார்த்ததோடு நிற்காமல் ஒரு பாக்கெட் வாங்கியும் வந்தாள். உப்பளக்காரி உப்பை விலை கொடுத்து வாங்கிய கதையைச் சொல்லி ஊர் ஒரு மாதம் சிரித்தது. அவள் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. டிவி மேல் நிற்கவைத்துவிட்டாள்.

மறு வருஷம் வம்பு வந்தது. சுனாமியில் வாய்க்கால் தூர்ந்துபோய், பாத்திக்குத் தண்ணீர் வருவது பாதியாகக் குறைந்தது. எப்படியோ சமாளித்து விளையவைத்து அனுப்பிய லோடு திரும்பி வந்தது. பாக்கெட்டில் போட்ட நாலாம் நாளே உப்பு கசிகிறதாம். இன்னும் ஒரே ஒரு லோடு பார்ப்பதாகவும், அதுவும் கசிந்தால் பழையபடி தோலுக்கே அனுப்பிக்கொள்ளலாம் என்றும் கம்பெனி மேனேஜர் பலராமன் சொல்லிவிட்டார். 'தோலுக்கே' என்று அவர் சொன்ன விதம்தான் ஞானாம்பாளைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சமயத்தில் திண்டிவனம் சாலையில் இருந்த பாலிடெக்னிக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுற்றுவட்டாரத்துச் சிறுதொழில்காரர்களின் சிக்கலை ஆராய்ந்து வழி சொல்ல அங்கே ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். வேதியியல் விரிவுரையாளர் விஜயலட்சுமி செருப்பைக் கழற்றாமல் வரப்பிலேயே நின்று விவரம் கேட்டார். ஒரு கிலோ உப்பு அனுப்பிவைத்தால் சோதித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலேஜுக்குப் போகிற உப்பு. ஞானாம்பாள் விடுவாளா? வாரிக் குவித்த அம்பாரத்தின் மேலாக நல்ல வெள்ளைக் கல்லாகப் பொறுக்கினாள். வெறும் தண்ணீரில் கழுவினால் கரைந்துவிடும் என்பதால், தெளிந்த உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசினாள். சல்லடையில் வடியவிட்டு, சகாதேவனின் புது வேட்டியில் இரண்டு நாள் காயவைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அனுப்பினாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பெண்ணைக்கூட யாரும் இவ்வளவு ஜோடித்ததில்லை என்று சகாதேவன் முனகினான். அது அவனுடைய வேட்டி.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. உப்பு முதல் தரம். மூட்டையிலோ கிடங்கிலோதான் கோளாறு இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஞானாம்பாள் அடுத்த பஸ்ஸிலேயே கம்பெனிக்குப் போய் பலராமன் மேஜையில் காகிதத்தைப் போட்டாள். அவர் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த கடைசி மூட்டையைப் பிரித்து, ஒரு கை உப்பை அள்ளி அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் காகிதம் நனைந்து மை ஊறியது.

அவள் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் பாத்தியில் விளைந்ததுதான். ஆனால் டப்பாவில் போன உப்பு அல்ல. திரும்பி வரும் பஸ்ஸில், சகாதேவனுக்குப் பவுடர் பூசிக் கூட்டிப்போன நாள் ஞாபகம் வந்தது.

மறுநாள் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் விஜயலட்சுமி முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நான் உங்கள ஏமாத்திட்டேங்க. வேணும்னு இல்ல. அழுக்கா குடுத்தா இன்னா நெனப்பீங்களோன்னு கழுவிக் குடுத்துட்டேன்."

"எதுல கழுவினீங்க?"

"உப்புத் தண்ணியிலதாங்க. வேற எதுல கழுவுறது?"

விஜயலட்சுமி பேனாவை எடுத்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. எவ்ளோ தண்ணி, எத்தன வாட்டி, எவ்ளோ நேரம் வடிய வுட்டீங்க?"

திட்டு விழும் என்று வந்தவளுக்கு இது புரியவில்லை. எழுதி முடித்துவிட்டு விஜயலட்சுமி நிமிர்ந்தார்.

"தப்பு எங்க மேலயும் இருக்குதும்மா. நானே பாத்தியில எறங்கி எடுத்திருக்கணும். செருப்பு வீணாப்போவும்னு வரப்புலயே நின்னுட்டேன்."

அந்த வாரமே மாணவிகளோடு வந்து வெறுங்காலோடு இறங்கினார். பன்னிரண்டு பாத்தியிலும் மூன்று மூன்று இடத்தில் எடுத்தார்கள். ஞானாம்பாளைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. ஒரு மாணவியிடம் இருந்த டப்பாவை வாங்கித் துடைத்துத் தரப் பார்த்தவளை, "ஆன்ட்டி, கைய எடுங்க" என்று அந்தப் பெண் துரத்தியே விட்டாள்.

காரணம் தெரிந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில், உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியே விடாமல் அதன் மேலேயே புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பு உப்புக் கல்லில் ஒட்டிக்கொண்டு காற்றின் ஈரத்தை இழுத்தது. ஞானாம்பாள் அலசியதில் டப்பா உப்பிலிருந்து அது போயிருந்தது. சிவில் பிரிவு மாணவர்கள் வாய்க்காலில் மட்டம் பார்த்து, எங்கே எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார்கள். பக்கத்துப் பாத்திக்காரர்களும் சேர்ந்து நாலு நாளில் வெட்டினார்கள். கழுவும் வேலைக்கு, ஞானாம்பாள் சொன்ன முறையைப் பெரிதாக்கி, சாய்வான வலைத்தட்டு ஒன்றைக் கல்லூரிப் பட்டறையில் செய்தார்கள். முதலில் வந்தது அவள் நெஞ்சு உயரம் இருந்தது. ரம்பத்தை வாங்கி சகாதேவனே தட்டின் கால்களை வெட்டிக் குட்டையாக்கினான்.

கடைசி லோடு போயிற்று. பலராமன் பத்து நாள் வைத்துப் பார்த்தார். பதினோராம் நாள் ஞானாம்பாளை வரச்சொல்லி, அவள் கண்ணெதிரே ஒரு பாக்கெட்டை வெட்டி வெள்ளைத் தாளில் கொட்டினார். டீ வந்தது, குடித்தார்கள், இன்னொரு டீயும் வந்தது. தாள் நனையவில்லை.

"அடுத்த லோடு எப்பம்மா?" என்று பலராமன் கேட்டார்.

மழைக்காலத்தில் சகாதேவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. நாலு நாள் தாடியும் கசங்கிய லுங்கியுமாக, எழுந்தது எழுந்தபடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவன்தான், தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு சட்டை கேட்டுக் கெஞ்சிக்கொண்டே போனான்.