நான்காவது முறையும் ஃபெயில்

என் அக்காவுக்குத் தையல் கூடம் ஒன்று, கொள்கை ஒன்று. வேலைக்கே போயிராத பெண்களைக் கூட்டிவந்து தொழில் கற்றுக்கொடுப்பாள். பரீட்சை வைத்து, தேறியவர்களை இரட்டைச் சம்பளம் தரும் பெரிய கம்பெனிக்கு அனுப்பிவிடுவாள். மிச்சம் இருக்கிற தேறாதவர்களை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அங்கி தைத்து விற்க வேண்டும். இப்படியொரு வியாபாரத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா? கூடவே பிறந்து தொலைத்ததால் வேன் ஓட்டுகிறேன்.

அப்படிக் கற்றுக்கொள்ள வந்து, இப்போது துணி வெட்டுவது முழுக்கப் பார்த்துக்கொள்கிற எங்கள் கட்டிங் மாஸ்டரம்மா மட்டும் தேறவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை. நான்காவது முறையும் ஒரே அங்கிக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்தார். "பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. முகத்தில் கல்யாணக் களை.

அவர் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து நானூறு அங்கி வெட்டினாங்க, ஒண்ணு பிசகல. இன்னைக்கு மட்டும் மறந்துபோச்சா?"

"பரீட்சைன்னா சிலருக்குப் பதட்டம்டா."

"பதட்டம் அவங்களுக்கா, உனக்கா? ரெண்டாயிரம் அங்கிக்கு ஆர்டர் எடுத்து வச்சிருக்கியே."

அக்கா நான் சொன்னதைக் காதில் வாங்கினாள். நாற்பது வருடத்தில் முதல் தடவை. பிறகு மாஸ்டரம்மாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"வேணும்னுதான தப்பா வெட்டுறீங்க?"

அவர் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அங்க ஆயிரம் பேராம் மேடம். பயமா இருக்கு. இங்கயே இருந்துடறேனே."

"எனக்கு அது முதல் பரீட்சைலயே தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. உங்களுக்கு வர வேண்டிய சம்பளத்துல பாதிய நான்தான் சாப்பிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. கிண்டல் செய்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஃபெயிலை அடித்து பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஆர்டரு?" என்றேன்.

"பத்து நாள் தவணை கேட்டுக்கறேன். திட்டுவாங்க. வாங்கிக்கறேன்."

திங்கட்கிழமை காலை வேனில் அங்கிகளுக்குப் பதில் மாஸ்டரம்மா ஏறினார். அக்கா கம்பெனி கேட் வரை வந்து, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, உள்ளே தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். நான் சாவியைத் திருகினேன்.

"இருடா. திரும்பி வந்தாலும் வந்துடுவாங்க."

"வரணுமா, வேணாமா? அதச் சொல்லு."

"தெரியலடா."

அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அவர் வரவில்லை.