மாமா எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம்

என் அம்மாவின் தம்பி ஜமாலுஸ் இந்தோனேசியாவின் பாடாங்கிலிருந்து, சிங்கப்பூருக்கு எதிரே உள்ள பாத்தாம் தீவுக்கு வந்து இறங்கிய மறுநாளே கூரை ஏறிவிட்டார். தொழிற்சாலைக் குடியிருப்பில் எந்த வீட்டு ஆன்டெனாவையும் அவர்தான் திருப்பி வைப்பார். வடக்கே திருப்பினால் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கப்பூர் சேனல்கள் கொட்டும். எல்லோரும் வடக்கேதான் கேட்டார்கள். தப்பென்று ஒருவரும் சொன்னதில்லை. காவலர் குடியிருப்புக்கும் அவர்தான் ஏறினார். இருபது வருடம் அதிலேயே ஓடியது.

சிங்கப்பூர் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதும் பிழைப்பு நின்றது. ஒரு வருடம் மின்விசிறி பழுது பார்த்தார். பிறகு இணையத்தில் நாட்டை மாற்றிக் காட்டும் வி.பி.என். பற்றி யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். சிங்கப்பூர்ச் சந்தா அட்டைகளை ஃபெர்ரியில் வருபவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்வார். டிவியில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, அந்த வீடு சிங்கப்பூரில் இருப்பதாகக் காட்டுவார். இங்கே காட்டாத கால்பந்தும் தொடர்களும் அதில் வரும். மாட்டிக் கொடுக்கக் கூலி, மாதாமாதம் சரிபார்க்கக் கூலி. அப்படி நாற்பத்தொரு வீடு.

நான் ஆறு வருடம் உல்லாசக் கப்பலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வாரம், ஹெர்மாவன் என்றொருவர் வந்து தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்றார். மடிப்புக் கலையாத சட்டை. மாமா பெட்டியை இயக்கிக் காட்டும்போது ஹெர்மாவன் தன் கைபேசியைச் சட்டைப் பையிலேயே நிமிர்த்தி வைத்திருந்தார்.

“இதெல்லாம் சட்டப்படி சரிதானா, உடா?” என்று பாடாங் வழக்கில் அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

“சந்தா கட்டுறோம்ல? கட்டாமப் பாக்கிறவன்தான் திருடன்” என்றார் மாமா. “வீடு கடலுக்கு அந்தப் பக்கம்னு சொல்லிக்கிறோம், அவ்வளவுதான். கரையில நின்னா அந்த ஊரு வெளக்கு தெரியுது. ரொம்பப் பெரிய பொய்யா என்ன?”

ஹெர்மாவன் சிரித்தார். அத்தை வைத்த ரெண்டாங் கறியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் வக்கீல் கடிதம் வந்தது. இந்தோனேசியாவுக்கான ஒளிபரப்பு உரிமையை விலைக்கு வாங்கியிருந்த நிறுவனத்தின் கடிதம். ஹெர்மாவன் அவர்களுடைய ஆள். போலீசில் புகார் கொடுப்போம், இரண்டு வருடம் வரை சிறை என்று எழுதியிருந்தது.

கப்பல் துறைமுகம் மாறும்போதெல்லாம் என் கைபேசியில் படப்பட்டியலும் மாறும்; பாதி பார்த்த தொடர் அடுத்த ஊரில் காணாமல் போகும். நாங்களும் நாட்டை மாற்றித்தான் பார்த்தோம். ஆனால் ஒருத்தி தன் சந்தாவில் தனக்காக அதைச் செய்வதற்கும், காசு வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் செய்து கொடுப்பதற்கும் சட்டத்தின் கண்ணில் தூரம் அதிகம். முதலாவதற்கு நிறுவனம் சந்தாவை வெட்டும். இரண்டாவதற்கு ஆளைப் பிடிப்பார்கள்.

“எதுவும் பேசாதீங்க மாமா, எதுவும் எழுதாதீங்க. முதல்ல ஒரு வக்கீலப் பாப்போம்” என்றேன்.

செய்தி கேட்டு வந்த தெருத் தலைவர் சினாகா ஐயா, ஊர் வழக்கில் பாக் சினாகா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆறு வருஷம் கப்பல்ல தட்டுக் கழுவினவ வக்கீலா எறங்கி வந்திருக்கா பாரு. இங்க பாரு பொண்ணே, எவன் எவனோட மோட்டார் சைக்கிள இடிச்சாலும் இந்தத் தெருவுல போலீஸ் வந்திருக்கா? குடும்பமாப் பேசி முடிக்கிறோம். உடா, ஒரு மன்னிப்புக் கடிதம். முத்திரை வில்லை ஒட்டு, அது மேல கையெழுத்துப் போடு. நான் சீல் குத்தறேன். தீந்துச்சு.”

“அவங்க நம்ம தெரு இல்லையே, பாக்” என்றேன்.

“மனுசங்கதானே, மருமகளே?” என்றார் மாமா. “மன்னிப்புக் கேக்கிறவனை யாரு ஜெயில்ல போடுவா?”

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அரைகுறை மன்னிப்பு மன்னிப்பில்லை என்பது அவர் எண்ணம். எந்த வருடம் தொடங்கினார், எந்தப் பெட்டி, நாட்டை எப்படி மாற்றினார், கூலி எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொரு வீட்டு எண்ணும் பெயரும். இனி செய்யமாட்டேன் என்று முடித்து, பத்தாயிரம் ரூபியா வில்லையின் மேல் அழுத்திக் கையெழுத்திட்டார். வாழைப்பழக் கேக் ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“நல்ல மனுசன். எழுந்து நின்னு கை குடுத்தாரு” என்றார் வந்து.

அதுவரை அவர்கள் கையில் ஒரு வீடியோவும் ஒரு பெட்டியும்தான் இருந்தன. அடுத்த வாரம் கடிதத்தை இணைத்துப் புகார் கொடுத்தார்கள். மாமாவை வீட்டிலிருந்து கூட்டிப் போனபோது பாக் சினாகா தெருவில் இல்லை. சீல் தன்னுடையதுதான், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை என்று பிறகு போலீசிடம் சொன்னார்.

பெயர் இருந்தவர்களில் பதினோரு பேரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் ஷிஃப்ட் போனது. மின்சுற்றுப் பலகை ஆலையில் வேலை செய்யும் யூஸ்னிடார் நீதிமன்ற வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி அத்தையிடம் கேட்டாள்: “உங்க வீட்டுக்காரர் நேர்மைக்கு எங்க பேருதான் கெடைச்சுதா? என்னை ஆலையில என்னன்னு பாக்கிறாங்க தெரியுமா?” அத்தை தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

இலவசமாக ஒதுக்கப்பட்ட இளம் வக்கீல் தன்னால் முடிந்ததைச் சொன்னார். சந்தா நிறுவனத்துக்கு ஒரு ரூபியாகூட நஷ்டமில்லை என்றார். அரசு வக்கீல் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். நீதிபதி கேட்டார்: “இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க ஐயா. நானே எழுதினது. ஒரு வரியும் பொய் இல்ல.”

தொழில்நுட்பத் தடையை லாபத்துக்காக உடைத்த குற்றம். பத்து மாதம் சிறை. ஒப்புக்கொண்டதற்காகக் குறைத்ததாகச் சொன்னார்கள்.

பிறகு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை நீதிபதி கேட்டார்: தீர்ப்பை ஏற்கிறீர்களா, யோசிக்க ஏழு நாள் வேண்டுமா, மேல்முறையீடு செய்கிறீர்களா? ஏற்கிறேன் என்றால் பிறகு மேல்முறையீட்டுக்கு வழியில்லை, யோசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்று இளம் வக்கீல் மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தார். நானும் காவல் அறையில் இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினார்.

மாமா எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய மனிதரிடம் யோசிக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“ஏத்துக்கறேங்க ஐயா. இதுக்கு மேல உங்களுக்குச் சிரமம் குடுக்கல.”

வக்கீல் எழுந்திருப்பதற்குள் எழுத்தர் அதைப் பதிந்துவிட்டார்.