பீலிக்கு மேலே போன டீசல் குழாய்

1. பெருமழையில் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் போகும் பாதைக்கு அடியில் தண்ணீர் ஓடும் மதகு உடைந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

2. டீசல் ஏற்றிவரும் பவுசர் லொறி மதகைத் தாண்ட வழியில்லை. அதனால் மேல் ரோட்டோரத்தில் ஒரு தாங்கியை வைத்து, அங்கிருந்து ஸ்டோர் ஜெனரேட்டருக்கு இரும்புக் குழாய் இறக்கினார்கள்.

3. அந்தக் குழாய், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்புறம், நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியின் ஊற்றுக்கு நேர் மேலே போனது. சரிவில் அதுதான் குறுக்கு வழி.

4. லயத்தில் யாரும் மறுக்கவில்லை. கரண்ட் போகும் நேரத்தில் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு ஒரு பல்ப் எரியும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

5. நான் மறுத்தேன்.

6. பீலித் தண்ணீரில் டீசல் வாடை வந்தது.

7. அந்தத் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்து அக்காவின் கைக்குழந்தை வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தது.

8. சின்னதொரை, அதாவது தோட்டத்தின் உதவி மேனேஜர், நான் கொண்டுபோன போத்தலை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்னும் மணக்கல" என்றார்.

எட்டாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதையெல்லாம் அலட்சியம் என்று சொல்லி ஒருவேளை விட்டிருப்பேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். பெட்ரோல் ஷெட்டுகளில் பம்புகளையும் நிலத்தடித் தாங்கிகளையும் பரிசோதிக்கும் ஒரு கம்பனியில் வேலை. மூடியைத் திறந்து குழாய் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் குழாய் வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நானுஓயாவில் ஒரு வேன் டிரைவர் கேட்டார்:

"தங்கச்சி, பைப் வந்தா லீட்டருக்கு எவ்வளவு கொறையும்?"

"எனக்குத் தெரியாது அண்ணே. அது எந்த வழியா வரும்னு யாருமே கேக்க மாட்டேங்கிறீங்களே?"

"எந்த வழியா வந்தா நமக்கென்ன? எங்க வீட்டு முத்தத்துல தோண்டாம இருந்தா சரி."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்குகிறவருக்கு விலைதான் கண்ணில் படும், அதில் தப்பில்லை என்று அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டுப் பின்புறம் குழாய் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் இறக்கிய அன்று லீவில் வீட்டில் இருந்தேன். மூட்டுகளைப் போய்ப் பார்த்தேன். பழைய தண்ணீர்க் குழாய்களையே எடுத்து வந்து, மரைகளில் சணல் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு அது போதும், டீசலுக்குப் போதாது. அடியில் தாங்குகட்டை இல்லை. கசிந்தால் மூட இடையில் ஒரு வால்வும் இல்லை. மேலே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னதொரையிடம் மூன்றையும் சொன்னேன். வழியை மட்டுமாவது மாற்றுங்கள், பாதையோரமாகக் கொண்டுபோனால் கொஞ்சம் குழாய்தான் கூடும் என்றேன்.

"படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கங்கடா" என்று குழாய் முறுக்குகிறவர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "ஒனக்கு லைட் வேணாமா?" என்றார்.

லயத்துக்கு வந்து சொன்னேன். அங்கேயும் அதே கேள்விதான்.

"நீ டவுன்ல லைட்டுக்குக் கீழ இருக்கிறவ" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "நாங்கதான் இருட்டுல ரொட்டி சுடுறோம். வந்து சுட்டுப் பாரு, எது ரொட்டி எது விரலுன்னு தெரியாது."

"தண்ணியில கலந்துச்சுன்னா என்ன செய்வீங்க பெரியம்மா?"

"கலந்தா அடுப்பு சட்டுனு பத்திக்கிரும். வெறகு மிச்சம்."

அம்மாகூடச் சிரித்தார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேன் டிரைவருக்கு லீட்டர் விலை, இவர்களுக்கு ஒரு பல்ப். வித்தியாசம் ஒன்றுதான்: டிரைவருக்கு வீட்டைத் தவிர்த்துக் குழாய் போகும், இவர்களுக்கு வீட்டுத் தண்ணீருக்கு மேலேயே போகும்.

பல்ப் எரியத்தான் செய்தது. சில வாரங்களில் பீலித் தொட்டியின் ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் நின்றது. வாடை முதலில் காலையில் மட்டும் வந்தது, பிறகு எப்போதும். காய்ச்சினால் போய்விடும் என்று அக்கா நினைத்தாள். காய்ச்சினால் வீடெல்லாம் மணந்தது. வேறு தண்ணீர் எடுக்க தோட்டத்தின் மேல் பிரிவுக்கு மலை ஏறவேண்டும். கைக்குழந்தைக்காரி எத்தனை தடவை ஏறுவாள்? ஒரு நாள் ஏறவில்லை. குழந்தை நிற்காமல் வாந்தி எடுத்தது. என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தன் தப்பு என்று நினைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது.

குழந்தை பிழைத்து வீடு வந்தது. நான் ஒரு போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். அம்மாவும் அக்காவும் வந்தார்கள். சின்னதொரை போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகில் கொண்டுபோய் நிதானமாக மோந்தார். அவருக்கு மூக்கால்தான் பேர். ஸ்டோரில் காலையில் தேயிலையை ருசி பார்க்கும்போது, எந்த மலையில் எடுத்த கொழுந்து என்று மணத்தை வைத்தே சொல்வார் என்பார்கள். அந்த மூக்குதான்.

"எனக்கு ஒன்னும் மணக்கல."

"தொரை, புள்ள செத்துப் பொழச்சிருக்கு" என்றார் அம்மா.

"லயத்துல மண்ணெண்ணெய் டப்பாவையும் தண்ணி டப்பாவையும் மாத்தி மாத்திப் பாவிச்சா அப்பிடித்தான் ஆகும். இது நல்ல தண்ணி. போய் வேலையப் பாருங்க."

போத்தலை மூடிப் பத்திரமாக என் கையில் தந்தார். மூடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நான் கவனித்தேன். மணந்திருக்கிறது.

வெளியே வரும்போது அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுதான் தோன்றியது: மணக்கவில்லை என்று சொன்ன அந்த மூக்கையே சாட்சி சொல்ல வைக்கவேண்டும்.

எப்படி என்பதற்கு அதிகம் யோசிக்கவில்லை. தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் மண்ணெண்ணெய் விளக்கு கொண்டுபோகக் கூடாது, கொழுந்து ஏற்றும் லொறியில் எண்ணெய் டின் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே தெரியும். எங்கோ ஒரு நாட்டில் கோப்பையைத் தூக்குகிறவரின் நாக்குக்காக இத்தனை காவல். லயத்து நாக்குக்குத்தான் காவல் கிடையாது.

அந்த வாரம் கொழும்பிலிருந்து தேயிலை வாங்கும் கம்பனி ஆள் ஒருவர் ஸ்டோரைப் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று உத்தரவு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், சொன்னாராம்: "கொழுந்துச் சாக்கு அத்தனையும் கழுவிக் காயப் போட்டுருங்க."

சாக்கை எப்போதும் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், அங்குள்ள பைப்பில்தான் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் வேறு ஓடையிலிருந்து வருவது. அன்று மாலை, கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் சொன்னேன்:

"இந்தத் தடவை பீலியில கழுவுங்கம்மா. தொட்டியில நல்லா ஊறப் போட்டு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் முதலில் புரிந்துகொண்டார்.

"அடியேய், பேரு இல்லாமப் போயிரும்டி" என்றார். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். "பேரு வெட்டுனா நீயா கொண்டாந்து தருவ?"

"எதுக்கு வெட்டுவாங்க? நீங்க எதையும் கலக்கப் போறீங்களா? நல்ல தண்ணின்னு தொரை வாயாலயே சொன்னாரு. நல்ல தண்ணியில கழுவுங்க."

பெரியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "மடுவம் தூரந்தான். முழங்காலு வேற நோவுது" என்று எழுந்துபோய் மற்ற வீடுகளின் கதவைத் தட்டினார்.

பெண்கள் எல்லாருமாகச் சாக்குகளைத் தொட்டியில் ஊறப் போட்டுக் கழுவினார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். காயப் போட்ட சாக்குகளுக்கு நடுவே கண்டாக்கையா நடந்து வந்தார். நின்றார். மோந்தார்.

"என்னாங்கடி இது, மணக்குது?"

"பீலித் தண்ணில அலசுனோம் ஐயா" என்றார் அம்மா. "தொரைக்கு மணக்கலன்னாரே. ஒங்களுக்கு மணக்குதுங்களா?"

கண்டாக்கையா சாக்கிலிருந்து விலகி நின்றார். மணக்கிறது என்றால் சின்னதொரையைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். "காத்துல பறந்துரும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். பெரியம்மா அவர் முதுகைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டினார். பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சாக்குகளில் கொழுந்து போனது. கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து தேயிலையானது. கொழும்பு ஆள் வந்த காலையில் நானும் போத்தலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். முறைப்பாடு சொல்ல வந்தேன் என்றேன், வாசலில் நிற்கவிட்டார்கள். உள்ளே நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஓரமாக நின்றார். சின்னதொரை விருந்தாளிக்கு முன்னால் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினார்.

உறிஞ்சியது தொண்டைக்குப் போகவில்லை. துப்புவதற்கான பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது. அதைக்கூடச் சரியாகப் பிடிக்காமல் சட்டையிலும் துப்பிக்கொண்டார்.

"டீசல்!" என்றார் டீமேக்கரிடம். "எவன்டா டீசல் கொண்டாந்தது உள்ள?"

கொழும்பு ஆள் தன் கரண்டியைக் கீழே வைத்தார். அடுத்த கோப்பையை மோந்தார். அதற்கடுத்ததையும்.

நான் வாசலிலிருந்து சொன்னேன்: "எனக்கு ஒன்னும் மணக்கல தொரை."

சின்னதொரை திரும்பினார். என் கையில் இருந்த போத்தலை முதலில் பார்த்தார், பிறகுதான் என்னை. அவர் முகம் மாறியதை நான் கடைசிவரை பார்த்தேன். அவசரப்படவில்லை. உள்ளே போய்ப் போத்தலைத் திறந்து மேசையில், கோப்பைகளோடு வரிசையில் வைத்தேன். "இது நாங்க குடிக்கிற தண்ணி. சாக்கும் இதுலதான் கழுவுனாங்க. நல்ல தண்ணின்னு தொரைதான் சொன்னாரு" என்று சிங்களத்தில் கொழும்பு ஆளிடம் சொன்னேன். அவர் மோந்தார். சின்னதொரையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இந்தத் தண்ணி கொழுந்துல படுதா?"

குடிக்கிறார்களா என்று கேட்கவில்லை. நான்தான் அதைச் சொன்னேனே, காதில் விழாமல் இருக்காது. ஆனாலும் கொழுந்தைத்தான் கேட்டார். அவருக்கும் கோப்பையைத் தூக்குகிறவர்களின் நாக்கைக் காப்பதுதான் வேலை.

சின்னதொரை சட்டையைத் துடைத்தார். வியர்த்திருந்தார். அந்தக் குளிரில் வியர்ப்பதைப் பார்க்க நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே காத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தரை அவமானப்படுத்தினால் மனம் கனக்கும் என்பார்கள். எனக்குக் கனக்கவில்லை. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தத் தேயிலை முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். சாக்குக் கழுவிய பெண்களை வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். யார் சொல்லி அங்கே கழுவினீர்கள் என்று கேட்டபோது பெரியம்மா, "நல்ல தண்ணி பக்கத்துல இருக்க, தூரமா எதுக்குங்க போவணும்?" என்றாராம். யாருடைய பேரையும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் தண்ணீர் கெட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. குழந்தைக்காக நாங்கள் கெஞ்சியபோது நல்ல தண்ணீர் என்று திருப்பி அனுப்பியவர்கள், கோப்பைக்காக அந்த வாரமே குழாயின் வழியை மாற்றினார்கள். புதுக் குழாய், வெல்டிங், வால்வு, தாங்குகட்டை எல்லாம் வந்தன. நான் முதல் நாள் சொன்ன மூன்றும் அப்படியே. வெல்டர் வேலை செய்யும்போது நான் போய் நின்று ஒவ்வொரு மூட்டையும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். சின்னதொரை மேலே நின்றார். பேசட்டும் என்றுதான் நின்றேன்.

எங்கோ இருக்கும் டீ குடிக்கிறவர்களால்தான் குழாய் நகர்ந்தது. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எங்களுக்காக எதையும் கேட்கவில்லை. கோப்பை மணக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போதைய நிலைமை இது. டீசல் குழாய் லயத்துக்கு எட்டத்தில், ரோட்டோரமாகப் போகிறது. பல்ப் எரிகிறது. பழைய மூட்டுகள் கசிந்த இடத்தில் மண்ணை இன்னும் அள்ளவில்லை. மழை பெய்தால் பீலித் தொட்டியில் படலம் வருகிறது. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குடிக்கிற தண்ணீரை அம்மாவும் அக்காவும் மேல் பிரிவிலிருந்து சுமக்கிறார்கள். மண்ணை அள்ளச் சொல்லிக் கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, தவழ்கிறது. சின்னதொரை இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அவரை நான் மன்னிக்கவில்லை.