கேமராவுக்கு அழுத வெர்லின்

அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டில் வேட்டையாடும் வெர்லினுக்குத் துப்பாக்கியைவிட கேமராதான் உசத்தி. வாயால் சொன்னால் வேட்டைக் குடிசையில் எவனும் நம்பமாட்டான், படம் காட்டினால் நம்பித்தானே ஆகணும்? அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் இந்த வெட்கங்கெட்டவன், பெரிய கொம்புள்ள ஆண் மானைச் சுட்டால்தான் பெருமை என்றிருக்கும் இடத்தில் கொம்பில்லாத ஒரு பெண் மானைச் சுட்டுவிட்டு, அதன் பக்கத்தில் மண்டியிட்டு, "என்னால நம்பவே முடியல!" என்று ஆனந்தக் கண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்ப அழுது பார்த்தான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பீரும் கையுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அவனே பெருமையாகப் படத்தைப் போட்டான். அழுகிறவன் முதுகுக்குப் பின்னால், கிளை கிளையாகக் கொம்பு விரித்த ஆண் மான் ஒன்று நிதானமாக நடந்து போனது.

பெண்டாட்டியின் அண்ணன் ஆரின் அவன் தோளைத் தட்டினான்.

"இப்ப அழு மாப்ள. இப்ப நெசமாவே வரும்."