சுகமாக வெட்டுப்பட்ட மூலை

எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டதை வரிசைப்படி சொன்னால் இப்படி வரும்:

1. வளவில் மண்டிக் கிடந்த பற்றையை வெட்டி எரித்தோம்.
2. சித்தப்பா முளை அடித்து நூல் கட்டினார்.
3. மறுநாள் அப்பா எல்லா முளைகளையும் பிடுங்கி, வீட்டை நாலு முழம் கிணற்றுப் பக்கமாகத் தள்ளி அடித்தார்.
4. மேசன் வந்து கிடங்கு வெட்டத் தொடங்கினார்.
5. வேலை மிகச் சுகமாக நடந்தது. அதனால் அம்மா வேலையை நிறுத்தினார்.
6. கல் வைக்கும் நாளில் ஐயர் ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்து மந்திரம் சொன்னார்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஐந்தாவதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் விசித்திரமாக இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் வளவு வரும். போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது அங்கே மிஞ்சியிருந்தவை கிணறும் ஒரு பாலை மரமும், ஷெல்லடிக்கு ஒளிந்திருக்க வெட்டிய பங்கரும்தான். வந்த முதல் வாரமே அப்பாவும் சித்தப்பாவும் பங்கரை மூடினார்கள். அம்மா அன்றைக்குத் தகரம் வாங்குவதற்காக நெடுங்கேணியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பின்னேரம் தகரங்களோடு வந்து இறங்கியபோது கோலம் போடலாம் போல நிலம் சமமாக இருந்தது. அடுத்த மாரியில் அதன்மேல் புல் முளைத்தது. அதற்கடுத்த மாரியில் பற்றை. இடத்தின் அடையாளமே போய்விட்டது. பங்கர் என்ற சொல்லையும் குழியோடு சேர்த்து மூடிவிட்டார்கள் போலும். தவிர்க்க முடியாத இடத்தில் 'அது' என்று மட்டும் சொன்னார்கள்.

தகரக் கொட்டிலில் இரண்டு மாரி இருந்த பிறகு கல்வீடு கட்டும் காலம் வந்தது. மூன்றாவது மாரி தொடங்குவதற்குள் அத்திவாரம் நிலத்துக்கு மேலே வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. வெட்டிய கிடங்குகளில் மழை நின்றால் பக்கச் சுவர்கள் இடிந்துவிழும், செய்த வேலை எல்லாம் வீணாகும். ஐயர் பார்த்துச் சொன்ன நல்ல நாளும் மழைக்குச் சற்று முன்னால் வந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது மாரி முடிந்த பிறகுதான்.

சித்தப்பா நூல் கட்டினார். மறுநாள் காலை அப்பா, பாலை மரத்து வேர் பின்னொரு காலத்தில் அத்திவாரத்தைத் தூக்கும் என்று சொல்லி, முளைகளைக் கிணற்றுப் பக்கமாகத் தள்ளி அடித்தார். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அம்மா வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அது இதுக்குள்ள வராதெல்லோ?"

"அது அங்கால, பழைய மாட்டுக்கொட்டில் இருந்த பக்கம்" என்று அப்பா கையை வீசினார். கையின் வீச்சில் வளவின் பாதி அடங்கியது.

மேசன் புளியங்குளத்துக்காரர். கையாள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் நிலத்தில் ஒரு முழம் தோண்டினால் இறுகிய சரளையான கிரவல் வந்துவிடும். இரும்பு அலவாங்கால் குத்தினால் கணீர் என்று கேட்கும், கை அதிரும். மூன்று மூலைகளிலும் இருவரும் எங்கள் மண்ணைத் திட்டிக்கொண்டே வெட்டினார்கள். நாலாவதான ஈசான மூலைக்கு வந்ததும் திட்டு நின்று பாட்டு வந்தது. மண்வெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"அக்கா, இந்த மூலை மண் புட்டு மாதிரி!" என்று மேசன் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஈசான மூலையெல்லோ, தெய்வம் வழி விடுது" என்றார் சித்தப்பா.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா தட்டை அப்படியே நிலத்தில் வைத்தார். "எந்த இடம் புட்டு மாதிரி?" என்று கேட்டார். மேசன் காட்டினார். அம்மா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவந்து முதல் மூலைக் கிடங்கில் ஊற்றினார். பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில்.

"அண்ணி, நெல்லு விதைக்கப் போறியளோ?"

"ஓம். நீங்கள் வந்து வரம்பு கட்டுங்கோ."

மூன்று மூலைகளிலும் தண்ணீர் மண் நிறத்தில் தேங்கி நின்றது. ஈசான மூலையில் ஊற்றிய வாளித் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, பளக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, காணாமல் போனது. அம்மா அலவாங்கை வாங்கி அந்த இடத்தில் குத்தினார். அது பிடி மட்டும் வெளியே தெரியும்வரை இறங்கியது. சித்தப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"மாட்டுக்கொட்டில் இஞ்ச எப்ப வந்தது?"

அப்பா பாலை மரத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனங்குத்தியளை எடுத்திட்டோ மூடினீங்கள்?"

"இல்லை" என்றார் அப்பா. "அப்பிடியே விட்டுத்தான் மூடினனாங்கள்."

விஷயம் இவ்வளவுதான். பங்கரின் கூரைக்குப் போட்ட பனங்குத்திகள் உள்ளே சரிந்து கிடந்தன. அவற்றின் மேல் அள்ளிக் கொட்டிய மண், மண்ணின் மேல் எங்கள் வீட்டின் ஒரு மூலை. குத்திகள் உக்கி முடிக்கும் நாளில் அந்த மூலை கீழே இறங்கும், மேலே சுவர் பிளக்கும். கல் வைக்கும் நேரமோ மறுநாள் காலை.

"மேலால ரெண்டு பெரிய கல்லைப் போட்டுக் கட்டுவம், அண்ணி. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் சித்தப்பா.

"மாரிக்குத் தெரியும்."

வீட்டைத் திரும்பத் தள்ளலாமா என்று மேசனிடம் கேட்டார்கள். அவர் தான் வெட்டிய மூன்று மூலைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். யாரும் மறுபடி கேட்கவில்லை. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். "முழுக்கத் தோண்டி எடுப்பம். அடி மண் வரும் வரைக்கும்."

தோண்டினோம். நானும் கடகத்தில் மண் சுமந்தேன். பாதி உக்கிய குத்திகள் நார்நாராக வந்தன. மண் நிரம்பிய உரப்பைகள் வந்தன. ஒரு போத்தல் விளக்கு வந்தது. இறுகிய பழைய மண்ணைத் தொட்டதும் மண்வெட்டியின் சத்தம் மாறியது. புது மண் உதிர்ந்துவிழ, அப்பா முன்பு வெட்டிய வடிவம் அப்படியே தெரிந்தது: நேரான பக்கங்கள், இறங்குவதற்குப் படிகள். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் ஒரு அரைப்படி. மற்றப் படிகள் என் காலுக்கு எட்டாத காலத்தில் எனக்காக வெட்டியது அது. வெட்டியவர் கையில் ஒரு நிதானம் இருந்தது தெரிந்தது. மேசன் விளிம்பைத் தடவிப் பார்த்து, "ஆர் வெட்டினது? நல்ல வேலை" என்றார். அப்பா மண் கொட்டப் போயிருந்தார்.

மறுநாள் காலை ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அயலட்டையில் உள்ளவர்களும் வந்திருந்தார்கள். ஐயர் மூலைக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"இது அத்திவாரமோ, கிணறோ?"

"அத்திவாரம்தான் ஐயா. கொஞ்சம் ஆழமாப் போட்டிட்டம். நேரம் போகுது" என்றார் அம்மா.

முதற்கல் குழியின் அடியில் வைக்கப்படும் என்று அம்மா முதல்நாளே முடிவு செய்திருந்தார். அங்கேதான் உறுதியான மண் இருந்தது. உறுதியான மண்ணில் வைப்பதுதான் முதற்கல், மிச்சமெல்லாம் அதன்மேல் வரும் என்பது அவருடைய நியாயம். பாலும் மஞ்சளும் நவதானியமும் வைத்த தாம்பாளத்தோடு அம்மா படிகளில் இறங்கினார். அப்பா கல்லை ஏந்திக்கொண்டு மேலேயே நின்றார். ஐயர் அழைத்தார். அப்பா அசையவில்லை. புது வேட்டி, குழியெல்லாம் ஈரம். வேட்டி அழுக்காகும் என்றுதான் தயங்குகிறார் என்று நான் முடிவுகட்டினேன். அதைச் சித்தப்பாவின் காதிலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மா கீழே இருந்து கையை நீட்டினார். "வாங்கோ. படி இருக்கு. நீங்கள் வெட்டினதுதானே."

அப்பா இறங்கினார். ஒவ்வொரு படியாக இறங்கினார். அரைப்படியிலும் கால் வைத்தார். அவருக்கு அது தேவையே இல்லை.

கல்லை வைத்த பிறகும் இருவரும் உடனே மேலே வரவில்லை. கல்லின்மேல் அப்பாவின் கை இருந்தது, அதன்மேல் அம்மாவின் கை. ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் ஒன்றைத் தொடங்கினார்.

அவர்கள் மேலே வந்ததும் அம்மா, வந்தவர்கள் எல்லோரையும் ஆளுக்கொரு கல்லுப் போடச் சொன்னார். குவித்து வைத்திருந்த கருங்கல்லில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். பக்கத்து வளவுப் பெரியம்மா போடும்போது சற்று நின்றார். "எங்கட அது எந்தப் பக்கமெண்டு இப்பதான் யோசிக்கிறன்" என்றார். அதன் பிறகு மேசன் கல்லும் கிரவலும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றி இடித்து நிரப்பினார். அந்த வாரம் முழுவதும் எங்கள் ஒழுங்கை நெடுக, வளவுக்கு வளவு, பெண்கள் வாளியும் கையுமாக வெறும் நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில நாளில் மழை வர இருக்கும் ஊரில் இதென்ன வேலை என்று பஸ்ஸால் இறங்கி வந்தவர்கள் கேட்டிருப்பார்கள்.

பிறகு நான் கட்டடத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது என் வேலையே மற்றவர்களின் அத்திவாரக் கிடங்குகளைப் போய்ப் பார்ப்பது. நிரப்பிய மண்ணில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடந்த அன்று, அம்மா செய்தது வரிசை மாறாமல் பலகையில் இருந்தது. தண்ணீர் வாளி மட்டும் அதில் இல்லை.

எனக்கு விளங்க நாள் எடுத்தது வரிசையில் மூன்றாவது விஷயம், அப்பா முளைகளைத் தள்ளி அடித்தது. வீட்டோடு சமைக்க ஒரு குசினி சேர்த்துக் கட்ட அண்மையில் வரைபடம் கீறினேன். முதல் நூல் கட்டிய இடத்தையும் அதில் குறித்துப் பார்த்தேன். சித்தப்பாவின் நூலின்படி கட்டியிருந்தால் குழி வீட்டுக்கு வெளியே, தொந்தரவு இல்லாமல் கிடந்திருக்கும். பாலை மரமோ எந்த வேரும் எட்டாத தூரத்தில் நிற்கிறது. மறதியுள்ள மனிதர் தெரியாமல் குழிமேல் வீட்டைக் கொண்டுவரலாம். ஆனால் நாலு முழம் அளந்து கொண்டுவர மாட்டார். இன்னும் சற்றுத் தள்ளியிருந்தால் அது முழுவதும் அறையின் நிலத்துக்குக் கீழே போயிருக்கும், ஒரு மண்வெட்டியும் அதைத் தொட்டிருக்காது. இனி யாரும் இறங்க முடியாதபடி அதன்மேல் ஒரு வீட்டையே ஏற்றிவிட அப்பா நினைத்திருக்கிறார். அம்மாவுக்கு இது அந்த நாலாவது வாளித் தண்ணீரிலேயே விளங்கியிருக்க வேண்டும். அதனால்தான் கணக்குப் பிழைத்ததைப் பற்றி அவர் அப்பாவிடம் அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. படி இருக்கு என்று மட்டும் சொன்னார். எட்டு வயதில் நான் கண்டது ஒரு வேட்டியை.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். "குசினி நல்ல இடத்திலதான் வருது" என்றார்.

வீடு நிற்கிறது. மற்ற மூன்று மூலைகளிலும் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் உண்டு, அப்பா அவ்வப்போது சீமெந்து குழைத்துப் பூசுவார். ஈசான மூலையில் இதுவரை ஒரு வெடிப்பும் இல்லை.